வாசனையும் புதுப்பயிற்சியும்

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதல் நம் சித்தாந்த நூல்கள் பலகாலும் வற்புறுத்தும் உண்மையாகும். அங்ஙனமாயின், முன் சார்ந்த பொருளின் வண்ணம் பின் வேறொன்றைச் சாருங்கால் என்னாம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. அது முற்றும் அழியுமெனின் நினைவென்பது இன்றாய்விடும். சிறிதும் திரியாது நிற்குமெனின் புதியதொன்றைக் கற்றல் கூடாதாகும். இரண்டும் அனுபவத்தோடு மாறுகொள்ளுதலின், பெருங்காயம் நீங்கிய பாண்டத்தில் மணம் நீங்காது நிற்றல்போல நிற்பதாகிய வாசனையை ஆன்றோர் உடம்பட்டனர்.

இவ்வாசனையின் தொழிலைத் தகடூர் நாட்டிற் கண்கூடாகக் காணலாம். அதியமான் நெடுமானஞ்சி அரசிருந்த தகடூரே இந்நாளைத் தருமபுரியாகும். அவன் காலத்திற்கு நெடுநாட் பின்னர் நுளம்பர் ஆட்சியில் அடங்கிக் கன்னடக் கல்வெட்டுக்களும் பெற்றது அவ்வூர். 1965ஆம் ஆண்டிற் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய அந்நாட்டில், தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டு மொழியாக உடையார் தமிழரோடு விரவி வாழ்கின்றனர். காவிரி வீழ்ந்து திவலை புகையென எழும் ஒகேனக்கல்லின் பெயரும் கன்னடமே. ‘ஹொகெ’ என்பது புகை. தமிழில் மொழிமுதற்கண் நிற்கும் பகரம் கன்னடத்திற் பெரும்பாலும் ஹகரமாகத் திரிதலின், பால் ‘ஹாலு’ எனவும், புலி ‘ஹுலி’ எனவும் ஆங்கு வழங்கும்.

கன்னடம் வழங்கும் இல்லிற் பிறந்த சிறுவன் ஒருவன் திருமுறை ஓதப் புகுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். வினை இறுதியில் நிற்றலும், உருபு பெயரின் பின் வருதலும் அவன் முன்னரே அறிந்தனவாதலின், ஆங்கிலம் ஒன்றே அறிந்தான் பன்னாள் உழைத்துப் பெறுவதை இவன் எளிதிற் பெறுகின்றான். ளகரமும் ணகரமும் அவன் நாவிற்குப் பழகியன. இது முன்னைக் கல்வி செய்யும் உதவியாம்.

இடர்ப்பாடோ, முழுதும் வேறாகிய இடத்திற் பெரிதன்று. ஒத்ததுபோன்று ஒவ்வாத இடத்திலேயே பெரிது. பழங்கன்னடத்தில் இருந்த ழகரமும் றகரமும் இக்காலக் கன்னடத்தில் வழக்கு வீழ்ந்தன. ஏழு ‘ஏளு’ எனவும், மழை ‘மளெ’ எனவும் ஆயின. ஆதலின் ஆசிரியர் ‘தாழ்’ எனச் சொல்ல, மாணாக்கன் ‘தாள்’ என்கின்றான். நா தடித்ததென்று அவனை வெகுளுவார் உளர். அவ்வெகுளி பொருந்தாது, என்னை? காட்சியளவை கூறுங்கால், பொருளுண்மை மாத்திரையே கொள்ளும் நிருவிகற்பமும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு கூட்டித் துணியும் சவிகற்பமும் என நம்மவர் பகுப்பர். பெயரும் சாதியும் கூட்டுதல் முன் அறிந்ததன் நினைவாலன்றி அமையாது. ஆகவே செவியில் ழகர ஒலி வந்து பட்டும், முன் அறிந்த ளகரத்தின் இனமாகவே அவன் அறிவு அதனைத் துணிகின்றது. பிழை நாவில் நிகழுமுன்னரே துணிவில் நிகழ்ந்துவிட்டது. நாவை மாத்திரம் திருத்துதல் கிளையை வெட்டி வேரை விடுதலாம். வாழை, வாளை எனவும், கிழி, கிளி எனவும் இணையிணையாக எடுத்தோதிச் செவியை முதற்கண் பழக்குதலே முறை. (தமிழே தாய்மொழியாக உடையாரும் ழகரத்தைக் கைவிட்டு வருதல் நாடறிந்தது. அவர்க்கும் இதுவே மருந்தாகலாம்.)

இன்னொன்றும் உண்டு. பிழைத்தபோது பலர் நடுவே நகைக்கப்பட்ட மாணாக்கன், பின்னர் அச்சொல் வரும் பாட்டை எடுக்குந்தோறும் குரல் அடங்குவான். எழுத்தின் வாசனையோடு நாணத்தின் வாசனையும் உடன் பதிந்தமையே காரணம். முன்னது பயிற்சியால் தேய்ந்த பின்னரும் பின்னது நிற்றல் கூடும். ஓதுவிக்கும் ஆசிரியன்மார் இதனை நன்கு உளங்கொளல் வேண்டும்.

நினைவு ஒன்றாயிருக்க அதன்கண் எழும் உணர்ச்சி வேறாதலும் உண்டோவெனின், உண்டு. நாவுக்கரசர் சமண் சமயத்திற் சேர்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றுத் தலைமையும் எய்தினார். திருவதிகையிற் சூலை தீர்ந்து மீண்ட பின்னர் அவ்வாழ்வை அவர் மறந்தாரல்லர். பதிகங்களிற் பலகாலும் எடுத்து இரங்குகின்றார. முன் பெருமிதம் தந்த அந்நினைவே பின் இரக்கம் தந்தது. நிகழ்ந்தது மாறவில்லை, அறிவு சார்ந்த பொருள் மாறிற்று.

ஞானம் விளங்கிய பின்னும் வாசனை தாக்குமெனின் அந்ஞானத்தாற் பயன் யாதென்று ஒரு தடை நிகழும். மெய்கண்டதேவர் இதனை ஒன்பதாஞ் சூத்திரத்தில் உட்கொண்டே, வேம்பு தின்ற புழுவை உவமித்தருளினார். இனியது எய்தியும் அப்புழு பழகிய கைப்பினையே நாடும். அக்காரணத்தால் இனிமை பொய்யாகாது. அதனாலன்றோ, ஞானம் பிரகாசித்த பின்னும் திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுக என்றார்? வாசனை பயிற்சியாற் பதிந்தது, பயிற்சியாலேயே கழியும். அஃது ஊழ், யாம் என் செய்வதென்று வாளாவிருத்தற்கு ஈண்டு இடமில்லை.

அரசர் கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்தொறும் புல் செதுக்கி வந்தார். திருப்புகலூரில் அவர் பணி செய்யும் இடத்திற் பொன்னும் நவமணியும் பருக்கைக் கல்லோடு விரவித் தோன்றின. அவற்றை வேறு பிரித்து நோக்காது, கல்லோடு ஒப்ப உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்தார் எனச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்தார்.