தலையை எண்ணினார்கள், வாக்கைக் கொடுக்கவில்லை



'அரைப்பேர்' என்றால் என்னவென்று நமக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்து குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் விழும். ஒரு நாட்டின் அரசியலமைப்பிலேயே மனிதருக்கு இப்படிக் குறைத்துப் பேர் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? அந்த நாடு அமெரிக்கா.

பிலடெல்பியா கூட்டம்

1787ஆம் ஆண்டு மே முதல் செப்டெம்பர் வரை பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் கூடி அரசியலமைப்பை எழுதினார்கள். பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை ஆசனம்? சனத்தொகைப்படி என்றார்கள். உடனே இழுபறி வந்தது. தென் மாநிலங்களில் புகையிலை, நெல் தோட்டங்களில் ஆபிரிக்க மக்கள் அடிமைகளாக வேலை செய்தார்கள். அவர்களை எண்ணுவதா, விடுவதா?

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். முழுதாக எண்ணுங்கள் என்று கேட்டவர்கள் அடிமைகளை வைத்திருந்த தென் மாநிலத்தார்தான். பாசத்தால் அல்ல, தலை கூடினால் தங்களுக்கு ஆசனம் கூடும் என்ற கணக்கு! வடக்கில் பலர் எண்ணவே கூடாது என்றார்கள். கூவர்னூர் மொரிஸ் என்ற பிரதிநிதி, இவர்கள் மனிதர் என்றால் குடியுரிமையும் வாக்கும் கொடுங்கள், சொத்து என்றால் வேறு சொத்தை எண்ணாமல் இதை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை.

ஐந்துக்கு மூன்று

கடைசியில் 5 அடிமைகளை 3 ஆளாக எண்ணுவது என்று சமரசம் செய்தார்கள். 100 பேர் இருந்தால் கணக்கில் 60. நம்முடைய அரைப்பேரில் பாதிச் சம்பளமாவது உழைத்தவர் கைக்கு வரும். இதில் அந்த மூன்று பங்கும் எசமான் பக்கமே போனது. அடிமைக்கு வாக்கும் இல்லை, கூலியும் இல்லை.

இன்னும் இரண்டு விட்டுக்கொடுப்புகள் நடந்தன. வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை மத்திய அரசு தடுக்கக் கூடாது. தப்பி வேறு மாநிலத்துக்கு ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இவ்வளவும் எழுதியவர்கள் 'அடிமை' என்ற சொல்லை மட்டும் ஓரிடத்திலும் எழுதவில்லை!

ஏன் இணங்கினார்கள்? இல்லாவிட்டால் தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் சேரமாட்டோம் என்று நின்றன. நாடு ஒன்றாக வேண்டும் என்று மற்றவர்கள் இறங்கிப்போனார்கள். ஆனால் அந்த விலையைக் கொடுத்த மக்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை.

கூடுதல் ஆசனங்களால் தென் மாநிலங்களின் கை ஓங்கியது. முதல் ஐந்து சனாதிபதிகளில் நால்வர் வர்ஜீனியாவின் அடிமை எசமான்கள். 1860இல் அடிமைகள் ஏறக்குறைய 40 இலட்சம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870இல் சட்டம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்தும், தெற்கில் அதைத் தடுக்கப் பல தந்திரம் செய்தார்கள். 1965இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் அங்கே பெரும்பாலானோர் வாக்களிக்க முடிந்தது.

நமக்கு இதில் என்ன?

நம் முன்னோர் அடிமைகள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள். ஆனால் எண்ணிக்கைக் கதை நமக்கும் உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இல் பெரும்பாலானோரின் குடியுரிமை போனது, 1949இல் வாக்கும் போனது. 1952இல் நமக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1959இல் தொகுதி பிரித்தபோதோ, நாடற்றவர்களையும் தலைக்கணக்கில் சேர்த்தார்கள். மலைநாட்டில் ஆசனம் கூடியது, வாக்குப் போட்டவர்கள் மற்றவர்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 1988, 2003 சட்டங்கள் வரை காத்திருந்தோம்.

ஆகவே ஒவ்வொரு வருடமும் வாக்காளர் இடாப்பில் வீட்டிலுள்ள அனைவரின் பெயரும் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். 18 வயதான பிள்ளைகளை மறக்காதீர்கள்.

பிள்ளைகளோடு பேச:
1. அடிமைகளை முழுதாக எண்ணியிருந்தால் யாருக்கு லாபம்?
2. நம்மைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் நாம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?