கெடுத்த ஆற்றைத் திருத்திய நாடு



நம் தமிழ்நாட்டிலிருந்து பலர் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் செல்வது யாவரும் அறிந்ததே. திரும்பி வருகிறவர்கள் அவ்வூரின் துப்புரவைப் புகழாதிருப்பதில்லை. அத்துப்புரவு எவ்வாறு வந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இவ்வாரப் பாடம்.

சிங்கப்பூர் ஒரே நகரம். அந்நகரமே ஒரு நாடு. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் நிலத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். அங்கே மழைக்குக் குறைவில்லை. மழைநீரைத் தேக்கி வைக்கத்தான் இடமில்லை. ஆகவே அண்டை நாடான மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வாங்குகிறார்கள். 1962-ல் செய்த ஒப்பந்தம் 2061-ல் முடிவடையும். 1963-ல் மழை பொய்த்தபோது ஊரெங்கும் தண்ணீர் முறை வைத்து விடப்பட்டது.

இவ்வளவு தட்டுப்பாடுள்ள ஊரில், நடுவே ஓடிய ஆறோ சாக்கடையாகக் கிடந்தது. பன்றிப் பண்ணைகள், தெருவோரக் கடைகள், கழிப்பிடமில்லாத குடிசைகள் ஆகியவற்றின் கழிவெல்லாம் அதில் விழுந்தது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் ஆறு தூய்மையாக வேண்டுமெனப் பணித்தார். 1987-ல் வேலை முடிந்தது. ஆற்றில் மீன்கள் மறுபடியும் காணப்பட்டன.

ஆனால் அதற்கான விலை சிறிதன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. தலைமுறையாகச் சரக்கேற்றிய படகுக்காரர்கள் 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டார்கள். பண்ணைக்காரர் பலர் தொழிலையே இழந்தனர். ஊரார் அனைவரும் சேர்ந்து கெடுத்த ஆற்றைத் திருத்தும்போது, பாரம் பெரும்பாலும் எளியவர் தோளிலேயே விழுந்தது.

பலனும் பெரிது. 2008-ல் ஆற்றுமுகத்தை மெரினா அணையால் அடைத்து, நகர நடுவிலேயே நன்னீர்த் தேக்கம் அமைத்தார்கள். ஆறு சாக்கடையாகவே இருந்திருந்தால் இது கைகூடியிருக்குமா? 2003 முதல் கழிவுநீரையும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பகுதியைக் குடிநீர்த் தேக்கங்களிலும் கலக்கிறார்கள்.

எனினும் குப்பைக் கவலை தீரவில்லை. எரிக்கத் தக்கதை எரித்து, சாம்பலை 1999 முதல் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். அவ்விடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன்பின் கொட்ட வேறிடம் இல்லை.

நமக்கு இதிலென்ன என்று கேட்பீர்கள். நமது பள்ளிப்பட்டு வட்டாரத்தின் வழியே வரும் கொசஸ்தலை ஆறு, 1944-ல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்ந்து சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது. இங்கே கால்வாயில் எறியும் குப்பையும், வாய்க்காலில் விடும் சாயத் தண்ணீரும் அங்கே ஒரு தாயின் குடத்தை நோக்கிப் போகின்றன. நமக்கு ஏரி உண்டு, மதகு உண்டு, வரத்துக் கால்வாயும் உண்டு. இருப்பதைக் காப்பதற்குச் செலவு சொற்பம். கெடுத்தபின் திருத்துவதற்கோ ஒரு தலைமுறையின் உழைப்பு வேண்டும்.

வீட்டில் கூடிப் பேசுக:

1. நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது?

2. நம் தெருவிலிருந்து ஏரிக்குச் செல்லும் கால்வாய் அடைபடாமல் இருக்கிறதா? அடைபட்டிருந்தால், மழைக்கு முன் அதைத் தூர்வார நாம் யார் யாரைச் சேர்த்துக்கொள்ளலாம்?

3. ஊர்ச் சீர்திருத்தத்தால் ஓர் ஏழை பிழைப்பை இழந்தால், அவனுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை யாது?