ஊசியிலைக் காடும் வடை மடித்த பேப்பரும்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், கோட்டூர்புரம்)



போன வருடம் கொடைக்கானல் டூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பைன் காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் போட்டோ எடுப்பதில் மும்முரமாகி விட்டோம். "மச்சி, கனடா மாதிரியே இருக்குடா!" என்று கத்தியது நான்தான். பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இது காடு இல்ல தம்பி, தோட்டம். ஒரு குருவிச் சத்தம் கேக்குதா பாரு" என்றார். காது கொடுத்துக் கேட்டேன். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

கனடாவின் பைன் காட்டில் கரடியும் ஓநாயும் இருக்க, இங்கே ஏன் ஒரு குருவிகூட இல்லை? ஊர் திரும்பியதும் எங்கள் ஏரியாவில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். அங்கே படித்துப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டைகா என்றால் என்ன?

பூமியின் வடக்கே, ஏறத்தாழ 50 டிகிரி முதல் 70 டிகிரி அட்சரேகை வரை அலாஸ்கா, கனடா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று உலகைச் சுற்றி ஒரு பச்சை ஒட்டியாணம் போலக் கிடக்கிறது இந்தக் காடு. ரஷ்யர்கள் இதை 'டைகா' என்கிறார்கள். உலகில் உள்ள மொத்தக் காட்டில் கால் பங்குக்கும் மேல் இதுதான். ஸ்ப்ரூஸ், ஃபர், பைன், லார்ச் ஆகியவை இதன் முக்கிய மரங்கள்.

அங்கே குளிர் சும்மா இல்லை. சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 1892-ல் மைனஸ் 67.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. இந்தக் குளிரில் மரம் எப்படி நிற்கிறது? நம் சிவில் கண்ணோடு பாருங்கள். மரம் கூம்பு வடிவம். சரிவான கூரை போல, மேலே விழும் பனி வழுக்கிக் கீழே போய்விடும், கிளைக்கு லோடு ஏறாது. இலை ஊசி மாதிரி மெல்லியது, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் நீர் வீணாக ஆவியாவதில்லை. லார்ச் மரம் இன்னும் ஒரு படி மேலே போய், குளிர்காலத்தில் ஊசிகளையே உதிர்த்துவிடுகிறது.

அங்கே வாழும் உயிர்கள்

மான் இனத்திலேயே பெரியதான மூஸ் அங்கே வில்லோ, பிர்ச் மரங்களின் கிளைகளைத் தின்று வாழ்கிறது. கலைமான் பனியைக் குளம்பால் தோண்டி அடியிலுள்ள லைக்கனைத் தின்கிறது. கிராஸ்பில் என்ற பறவைக்கு அலகின் நுனி ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக இருக்கும். பைன் காயைப் பிளந்து விதையை எடுக்க அதுதான் அதற்கு ஸ்பேனர்! வுட் ஃபிராக் என்ற தவளை குளிரில் உறைந்தே போய்விடும், இதயத் துடிப்பும் நின்றுவிடும். வசந்தம் வந்ததும் உருகி, எழுந்து குதிக்கும்.

கனடாவின் பனிமுயல் கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. அதைத் தின்று வாழ்வது லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை. முயல் பெருகினால் லிங்க்ஸும் பெருகும். முயல் குறைந்தால் அதுவும் குறையும். சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை இந்த ஏற்ற இறக்கம் வருவதை, தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் பழைய கணக்குப் புத்தகங்களிலிருந்தே விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

ஆக, மரமும் பூச்சியும் பறவையும் மிருகமும் பல ஆயிரம் வருடம் சேர்ந்து வாழ்ந்து பழகியதால்தான் அது காடு.

நம் மலைக்கு வருவோம்

கொடைக்கானலில் நாம் பார்த்த பைன், மெக்சிகோவைச் சேர்ந்தது. பலகைக்கும் கூழுக்கும் மனிதன் கொண்டுவந்து வரிசையாக நட்டது. ஊசிகள் மெத்தை போல விழுந்து மூடிவிடுவதால் கீழே புல் முளைப்பது கஷ்டம். அந்த மரத்தோடு பழகிய பறவையோ பூச்சியோ நம் மலையில் இல்லை.

அந்த இடத்தில் முன்பு பெரும்பாலும் இருந்தது புல்வெளி. பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலைக்காடு, திறந்த சரிவுகளில் புல். இங்கேயும் குளிர்தான் கணக்குப் போட்டிருக்கிறது. உறைபனி விழும் சரிவில் சோலை மரக்கன்று கருகும், புல் பிழைக்கும். மழை நீரைப் பஞ்சு போல உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவதும் இவைதான். நம் மாநில விலங்கான வரையாடு இந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள்தான். நம் பாலிடெக்னிக்கில் படிப்பவர்களே அதைவிட அதிகம் இருப்போம்!

இன்னொரு விந்தை. தென்னிந்தியாவுக்கே சொந்தமான ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பெயர் நேகியா வாலிச்சியானா. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதற்கு ஊசியே கிடையாது, அகன்ற இலை!

அம்மா கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. அம்மா தெருமுனையில் வடை சுடுகிறார். இதையெல்லாம் சொன்னபோது, "எங்கியோ பனியில காடு இருந்தா நமக்கு என்னடா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அப்போது அம்மா ஒரு வடையைப் பேப்பரில் மடித்து யாருக்கோ கொடுத்தார். பட்டென்று பொறி தட்டியது. "அம்மா, இந்தப் பேப்பரே அந்தக் காடா இருக்கலாம்மா" என்றேன். நம் நாட்டுக்கு வரும் நியூஸ்பிரிண்டில் பெரும்பங்கு ரஷ்யா, கனடாவிலிருந்துதான் இறக்குமதி ஆகிறது.

அதைவிடப் பெரிய சம்பந்தம் ஒன்று இருக்கிறது. குளிரில் இலை தழை சீக்கிரம் மட்குவதில்லை. அதனால் டைகா மண்ணுக்குள் ஏராளமான கார்பன் சேர்ந்து கிடக்கிறது. காடு எரிந்தாலும், உறைமண் உருகினாலும் அது காற்றில் கலக்கும். 2020 ஜூனில் அதே வெர்கோயான்ஸ்க்கில் 38 டிகிரி வெயில்! 2023-ல் கனடாவில் எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டேர். நம் தமிழ்நாடு முழுவதுமே 1.3 கோடி ஹெக்டேர்தான்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அந்த வெள்ளத்துக்கு டைகாதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கரியும் காடு இங்கே பெய்யும் மழையின் கணக்கில் சேரும் என்பது உறுதி.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப படிச்சவன் நீதான் நாலு பேருக்குச் சொல்லணும்" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நண்பர்களே, நாளைக்கு நாம் ரோடு போடுவோம், கட்டடம் கட்டுவோம். நூறு மரம் வெட்டி நூறு கன்று நட்டால் கணக்கு சரி என்று யாராவது பிளானை நீட்டினால், அந்த வேர்க்கடலைப் பெரியவரை நினைத்துக்கொள்வோம். என்ன மரம், எந்த மண், அதை நம்பி யார் யார் என்று கேட்போம். பஸ்ஸில் கிண்டி தேசியப் பூங்காவைத் தாண்டும்போது ஒரு நிமிடம் செல்போனை வைத்துவிட்டு வெளியே பாருங்கள். அங்கே நம் ஊருக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடும், அதில் புள்ளிமானும் வெளிமானும் இன்னும் இருக்கின்றன. ஊருக்கு நடுவில் காடு மிஞ்சியிருப்பது நம் பாக்கியம். காப்போம்!