ஃபில்டர் போட்டால் துரு போகுமா?

ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட் என்று கார்பரேட்டர் வண்டியைப் பேணி வைத்திருப்பவர்கள் பலர், பெட்ரோல் டியூபின் நடுவே ஒரு சின்ன ஃபில்டரை மாட்டியிருக்கிறார்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு. ஆனால் எதை மாட்டுவது, அது எதற்கு உதவும் என்று கேட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கதை.

நம்பிக்கை 1: டேங்க் காக்கிலேயே வலை இருக்கிறது, தனி ஃபில்டர் வீண்செலவு.

உண்மை: சுத்தமான டேங்குக்கு அந்த வலை போதும். முப்பது வயது டேங்கில் துரு மாவாக உதிரும். அது வலைக்கண்ணைத் தாண்டிவிடும். பைலட் ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது அடைத்தால் வண்டி ஐடிலில் நிற்காது. ஃப்ளோட் ஊசியின் அடியில் ஒரு துகள் சிக்கினாலும் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழியும். ஃபில்டரின் வேலை இந்தத் துகள்களைப் பிடிப்பதுதான்.

நம்பிக்கை 2: கார் ஃபில்டர் இன்னும் நுணுக்கமாக வடிகட்டும், அதுவே மேல்.

உண்மை: கார்பரேட்டர் காரில் பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது. இந்த வண்டிகளில் பம்ப் கிடையாது; டேங்கின் உயரம்தான் எல்லாம். 30 செ.மீ. உயரத்துப் பெட்ரோல் தரும் அழுத்தம் சுமார் 0.02 பார். கார் பம்பின் அழுத்தத்தில் அது பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது சந்தேகம். நெருக்கமான காகித ஃபில்டரை அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கடக்கப் பெட்ரோல் திணறும். தண்ணீர் பட்டால் காகிதம் ஊறி இன்னும் அடைக்கும். பம்ப் இல்லாத வண்டிக்கென்று விற்கும் நைலான் வலை ஃபில்டரே பொருத்தம்.

நம்பிக்கை 3: ஃபில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறது; ஏர் லாக், கழற்றி எறி.

உண்மை: உள்ளே காற்றுக்குமிழி நிற்பது இந்த வண்டிகளில் சகஜம். பெட்ரோல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டி மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 33 மில்லிதான். இன்ஜின் ஆறியபின், பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் அருகில் இல்லாத இடத்தில், கார்பரேட்டர் முனையில் டியூபைக் கழற்றி, அதே உயரத்தில் ஒரு பாட்டிலில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். முறுக்கி ஓட்டும்போது தேவை கூடும் என்பதால், 33 மில்லியைப் போல் நாலைந்து மடங்கு வந்தால் கவலை வேண்டாம். டியூப் எங்கும் மேலே வளையாமல் சரிவாக இறங்க வேண்டும். ஃபில்டரின் அம்புக்குறி கார்பரேட்டரைப் பார்க்க வேண்டும். சூடான இன்ஜினை ஃபில்டர் ஒட்டக் கூடாது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடும்.

நம்பிக்கை 4: கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனால் ஃபில்டர் அடைப்புதான்.

உண்மை: இருக்கலாம். ஆனால் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இதே கதைதான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். அடுத்த முறை வண்டி நின்றதும் மூடியைத் திறந்து மூடுங்கள். உடனே சரியானால் குற்றவாளி மூடி.

நம்பிக்கை 5: ஃபில்டர் இருக்கிறது; துருவும் தண்ணீரும் இனி ஒன்றும் செய்யாது.

உண்மை: சாதாரண வலை ஃபில்டர் தண்ணீரைத் தடுக்காது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை ஈர்க்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். காக்கும் அங்கேதான் இருக்கிறது. பழைய ரப்பர் டியூபையும் எத்தனால் கெடுக்கும். எனவே ஃபில்டர் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் புது டியூபும் கிளிப்பும் போட்டுவிடுவது நல்லது.

ஃபில்டருக்குள் செந்தூள் சேர்கிறது என்றால் டேங்க் உள்ளே அரிக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. டேங்கைக் கழற்றித் துரு போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். புது ஃபில்டர் அதற்குப் பிறகு.