வீகன் ஆகப்போகிறாயா? அக்கா சொல்வதையும் கேள்

நீ அனுப்பிய ரீல்ஸ் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன், கண்ணு. ஒரு நடிகை பால் இல்லாத காபி குடிக்கிறார். ஒரு பாடகி பழுப்பரிசிச் சோறும், மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப்புமாகச் சாப்பிடுகிறார். கீழே வீகன், மேக்ரோபயாடிக் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தே ஓடுகின்றன. அடுத்த மாதத்திலிருந்து நீயும் அப்படித்தான் என்கிறாய். தடுக்க மாட்டேன். அந்தச் சாப்பாட்டில் எனக்கு மனசாரப் பிடித்த விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் இதை யார், எந்த ஊரில், எதற்காக ஆரம்பித்தார்கள் என்று தெரிந்துகொண்டு தொடங்கு. அது தெரிந்தால், எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று உனக்கே புரிந்துவிடும்.

முதலில் இரண்டையும் பிரித்து வை

வீகன் என்பது இங்கிலாந்தில் பிறந்தது. 1944 நவம்பரில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். சிறுவனாக இருந்தபோது உறவினர் பண்ணையில் பன்றியைக் கொல்வதைப் பார்த்து மனம் கலங்கியவர் வாட்சன். 14 வயதில் இறைச்சியை விட்டார், பின்னால் பாலையும் முட்டையையும் விட்டார். 95 வயது வரை வாழ்ந்தார். அவருடைய கேள்வி விலங்கைப் பற்றியது. அதனால்தான் வீகன்கள் தேனையும் தொடுவதில்லை, தோல் செருப்பும் வாங்குவதில்லை. ஹாலிவுட் நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ் 2020இல் ஆஸ்கர் மேடையில் பசுவிடமிருந்து கன்றைப் பிரிப்பதைப் பற்றிப் பேசினாரே, அது இந்த வழியில் வந்த பேச்சு.

மேக்ரோபயாடிக் ஜப்பானில் பிறந்தது. அதன் கேள்வி உன் உடம்பைப் பற்றியது. அதில் அவ்வப்போது மீன் சாப்பிடலாம். ஆக, மேக்ரோபயாடிக் என்று எழுதியிருப்பதெல்லாம் வீகன் ஆகாது. உணவகத்தில் மிசோ சூப் வந்தால் கேட்டுப் பார்: அதன் அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த பொனிட்டோ மீன் சீவலில்தான் காய்ச்சப்படும். கொம்பு கடற்பாசியிலோ ஷீட்டாக்கே காளானிலோ காய்ச்சியதா என்று கேட்டுவிட்டு வாங்கு.

தவிட்டில் இருந்த உண்மை

மேக்ரோபயாடிக் கதையின் முதல் ஆள் இஷிசுகா சாகேன். ஜப்பான் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். 1896இல் உணவும் நீண்ட ஆயுளும் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1907இல் ஒரு சங்கமும் தொடங்கினார். தீட்டாத அரிசி சாப்பிடு, பிறந்த மண்ணில் அந்தந்தப் பருவத்தில் விளைவதைச் சாப்பிடு, காயையோ தானியத்தையோ முழுசாகச் சாப்பிடு என்பது அவர் வாக்கு. உடம்பில் சோடியமும் பொட்டாசியமும் சமன்படுவதே ஆரோக்கியம் என்று இதற்கு ஒரு கொள்கையும் வகுத்தார்.

அவர் வாழ்ந்த காலத்தை நினைத்துப் பார். வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசி அந்த நாட்டில் மதிப்பின் அடையாளமாகிவிட்டது. கூடவே பெரிபெரி நோயும் வந்தது. கால் மரத்து, நடை தளர்ந்து, கடைசியில் இதயம் நின்றுபோகும் நோய் அது. கடற்படையில் தகாகி கனேஹிரோ என்ற மருத்துவர் 1880களிலேயே மாலுமிகளின் சாப்பாட்டை மாற்றி, பார்லி சேர்த்து, நோயை அடக்கிக் காட்டினார். ராணுவம் அவசரப்படவில்லை. 1904-05 ரஷ்யப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பெரிபெரியால் செத்தார்கள். 1910இல்தான் சுசுகி உமேதாரோ தவிட்டிலிருந்து அந்த நோயைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் வைட்டமின் பி1 என்று சொல்வது அதைத்தான். இஷிசுகாவின் சோடியம் கணக்கு நிற்கவில்லை, ஆனால் தவிட்டை வீசாதே என்ற அவர் சொல் நின்றது. விளக்கம் பிழையாக இருந்தாலும் பழக்கம் சரியாக இருக்கலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்.

அதனால் என் முதல் யோசனை தட்டிலிருந்தே வரட்டும். கைக்குத்தல் அரிசியோ சிவப்பரிசியோ வாங்கு. இரவே ஊறப்போடு, ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் குக்கரில் நன்றாக வேகவிடு. முதல் வாரம் பாதிக்குப் பாதி வெள்ளரிசி கலந்தால் வயிறு பழகிவிடும். சாமை, தினை வாங்கும்போது பையைத் திருப்பிப் பார். கடையில் கிடைப்பதில் பாதிக்குமேல் தீட்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் ஒரே தானியத்தில் நிற்காதே. பழுப்பரிசியின் தவிட்டில் சத்தோடு சிறிது ஆர்செனிக்கும் தங்குகிறது. தானியத்தை மாற்றி மாற்றிச் சமைத்தால் அந்தக் கவலை குறையும்.

இன்னொன்று. ஜப்பானிய, அமெரிக்கப் புத்தகங்களைப் பார்த்து தேங்காயையும் வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் ஒதுக்கிவிடாதே. குளிர்நாட்டு மேக்ரோபயாடிக்காரர்கள் வெப்பநாட்டுப் பழங்கள் தங்களுக்கு ஆகாது என்றார்கள். ஆனால் உன் மண்ணில் விளைவதைச் சாப்பிடு என்பதுதானே இஷிசுகாவின் அடிப்படை? அந்த விதிப்படியே தேங்காயும் வாழையும் உனக்கு உரியவை. தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கையும் அவர்கள் விலக்கினார்கள். அதுவும் உனக்கு விதி இல்லை. உனக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடு.

பத்துப் படி, உச்சிப்படி

இரண்டாவது ஆள்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்: ஜார்ஜ் ஓசாவா. 1893இல் பிறந்தவர். இளம் வயதில் காசநோயில் விழுந்தார். இஷிசுகாவின் உணவுமுறைதான் தன்னைப் பிழைக்கவைத்தது என்று நம்பினார். அந்த முறையோடு எதிரெதிர்ச் சக்திகளின் சமன் பற்றிய யின்-யாங் தத்துவத்தைச் சேர்த்தார், பாரிஸ் போனார், பிறகு அமெரிக்கா போனார். 1960இல் வந்த 'ஜென் மேக்ரோபயாடிக்ஸ்' நூலில் பத்துப் படிகள் வைத்தார். கீழ்ப்படியில் மாமிசம், பழம், இனிப்புக்குக்கூட இடம் உண்டு. படி ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்று, உச்சிப்படியில் தானியம் மட்டும்தான் மிஞ்சும், தண்ணீரும் அளவாகத்தான். அதுவே மிக உயர்ந்தது, நோய் எதுவும் பத்தே நாளில் போகும் என்ற தொனியில் எழுதினார்.

1965இல் நியூ ஜெர்சியில் ஓர் இளம்பெண் அந்த உச்சிப்படியில் மாதக்கணக்கில் இருந்து, மெலிந்து மெலிந்து இறந்துபோனாள். அமெரிக்க அரசு ஓசாவா அமைப்பின் நியூயார்க் கடையைச் சோதனை போட்டது. 1971இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த உணவுமுறையை வெளிப்படையாகக் கண்டித்தது. அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவள் சோம்பேறியோ அசட்டையானவளோ இல்லை. சொன்னதை ஒழுங்காகச் செய்தவள். ஒழுங்காகச் செய்கிற பெண்களுக்குத்தான் இந்த உச்சிப்படி ஆபத்து. நீயும் அப்படிப்பட்டவள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே எந்த உணவுமுறையைப் பார்த்தாலும் படிக்கட்டு இருக்கிறதா என்று தேடு. நடிகை அலிசியா சில்வர்ஸ்டோன் 2009இல் எழுதிய 'தி கைண்ட் டயட்' அன்பான புத்தகம்தான். அதிலும் மூன்று நிலைகள் உண்டு: சும்மா எட்டிப்பார்ப்பவர், வீகன், அதற்கு மேலே சூப்பர்ஹீரோ. அந்தச் சூப்பர்ஹீரோ நிலை மேக்ரோபயாடிக். அவர் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஆனாலும் மேல்நிலைக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டால் நடுநிலையில் நிம்மதியாக நிற்க மனசு வராது. நீ நடுவில் நில். ஒரு உணவை விடுகிறாய் என்றால், அது தந்த சத்து இனி எதிலிருந்து வரும் என்று எழுதி வைத்துவிட்டு விடு. எழுத முடியவில்லையா, இப்போதைக்கு விடாதே.

தட்டுக்குப் பின்னால் நிற்பவர்

பாடகி மடோனாவைப் பார்த்து ஆசைப்படுகிறாய். அவருக்குப் பல ஆண்டுகள் மயூமி நிஷிமுரா என்ற மேக்ரோபயாடிக் சமையல்காரர் வீட்டிலேயே சமைத்தார். மயூமி முறையாகப் பயின்றவர். அவர் பயின்ற குஷி நிறுவனத்தை நடத்தியவர்கள் ஓசாவாவின் மாணவர் மிச்சியோ குஷியும் மனைவி அவெலினும். மிச்சியோ 1949இல் அமெரிக்கா போனவர். ஓசாவாவின் கடுமையைத் தளர்த்தி, தட்டில் பாதி முழுத்தானியம், கால் பங்குக்கு மேல் காய்கறி, மீதி பருப்பு, கடற்பாசி, சூப் என்று விரித்தார். இவர்கள் 1966இல் பாஸ்டனில் எரிவான் என்று சின்னதாக ஒரு கடை திறந்தார்கள். கலிபோர்னியாவிலும் அவர்களைப் போன்ற மேக்ரோபயாடிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால்தான் அங்கே இயற்கை முறையில் பழுப்பரிசி பயிரிட்டார்கள். அதற்காக இந்தக் கூட்டத்துக்கு நான் நன்றி சொல்வேன். எரிவான் என்ற அதே பெயர் பின்னால் கைமாறி, இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் பிரபலங்கள் பெயரில் ஸ்மூத்தி விற்கிறது. 2022இல் மாடல் ஹெய்லி பீபர் பெயரில் வந்தது 17 டாலர். உனக்கு அது எதுவும் தேவையில்லை. வெள்ளை எள்ளை வறுத்து, பதினைந்து பங்குக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்துக் கரகரப்பாகப் பொடித்தால் அவர்கள் சோற்றில் தூவும் கோமாசியோ தயார். நம் எள்ளுப்பொடியிலிருந்து மிளகாயும் உளுந்தும் போனால் அதுதான்.

பிரபலங்கள் மாறுவார்கள் என்பதையும் மறக்காதே. அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளின்டன் 2010இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தாவர உணவுக்கு வந்தார், எடை இறங்கியது. பின்னால் வாரம் ஒருமுறை போல மீனோ முட்டையோ சேர்த்துக்கொள்வதாக அவரே சொன்னார். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011இல் தனக்கு வந்த நோய்க்காக வீகன் ஆனார். இடையிடையே வழுக்குவதுண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். ஓட்டக்காரர் கார்ல் லூயிஸ் 1990இல் வீகன் ஆகி, மறு வருடம் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். தாவர உணவில் பலம் இருக்காது என்று அம்மா சொன்னால் அவர் பெயரைச் சொல். ஆனால் அவர் ஏற்கெனவே ஒலிம்பிக் தங்கங்கள் வாங்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்.

மாத்திரை இல்லாமல் தொடங்காதே

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வாட்சன் சங்கம் தொடங்கியபோது பி12 என்ற சத்தையே யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. அது நடந்தது 1948இல். முதல் வீகன்கள் தெரியாமல் இறங்கினார்கள். உனக்கு அந்தச் சாக்கு இல்லை. சைவ வீட்டில் வளர்ந்த நமக்கு பி12 வருவதே பாலிலும் தயிரிலும் மோரிலும்தான். அதையும் நிறுத்தினால் அன்றாடச் சாப்பாட்டில் வேறு வழி கிடையாது, மாத்திரைதான். கடற்பாசியிலும், டெம்பே என்ற புளித்த சோயாவிலும் இருக்கிறது என்பார்கள், நம்பாதே. அதில் பெரும்பாலானது உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். வீகன் சொசைட்டியே சொல்லும் அளவு இது: தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில வருடம் ஆகலாம். கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, ஞாபகம் தப்புவது எல்லாம் வந்தபின் ஓடுவதில் அர்த்தமில்லை. நீ கீரை நிறையச் சாப்பிடுவாய். அதிலுள்ள ஃபோலேட் இரத்தசோகையை மறைத்துவிடலாம், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை. புரதத்துக்கு ஒவ்வொரு வேளையும் பருப்போ சுண்டலோ சோயாவோ. சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே, இரும்புச்சத்து சரியாகச் சேராது. சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள். மிசோவில் உப்பு அதிகம், ஒரு கிண்ணம் போதும். அதைக் கொதிக்கவிடாமல் இறக்கிவைத்துக் கரை. கடல் உப்புக்கு மாறினால் அயோடின் போய்விடும். அயோடின் கலந்த உப்பையே வைத்துக்கொள். கொம்பு பாசியில் அயோடின் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, தைராய்டு கோளாறு உள்ளவர்கள் தொடவேண்டாம். ஹிஜிகி என்ற கறுப்புப் பாசியை வாங்கவே வாங்காதே. அதில் ஆர்செனிக் அதிகம் என்று பிரிட்டிஷ் உணவுத் தர அமைப்பு 2004இலேயே எச்சரித்தது.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாராவது வீடியோ அனுப்பினால் அங்கேயே நிறுத்து. அதற்கு மருத்துவச் சான்று இல்லை. அவெலின் குஷி 2001இலும் மிச்சியோ 2014இலும் புற்றுநோயால்தான் காலமானார்கள். குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள். சிகிச்சையோடு நல்ல சாப்பாடு இருக்கலாம், சிகிச்சைக்குப் பதிலாக இருக்கக்கூடாது.

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கறார். நெதர்லாந்தில் 1980களில் மேக்ரோபயாடிக் குடும்பங்களின் கைக்குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வளர்ச்சி பின்தங்கியிருந்தது, எலும்பு வளைந்த ரிக்கெட்ஸ் இருந்தது, பி12 குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் கொழுப்பும், கொழுப்புள்ள மீனும், பாலும் சேர்க்கச் சொன்னார்கள். கர்ப்பம் தரித்தால், பால் கொடுத்தால், குழந்தைக்குச் சோறு தொடங்கினால், ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் நீ என்னென்ன சாப்பிடுவதில்லை என்பதைச் சொல். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்.

தொடங்குவதற்கு முன்பு ஒரு இரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. சீட்டில் இதை எழுதிக்கொண்டு போ: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டுக்கான டிஎஸ்எச். இரண்டு அறிக்கையையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.