மாவட்ட நீதிபதியை அமர்த்துவது யார்?

சித்தூர் மாவட்ட நீதிமன்றத்தை அறியாதவர் நம்மில் சிலரே. திருச்சானூரில் பிறந்து, பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கிய அனந்தசயனம் ஐயங்கார் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியது அவ்வூரில்தான். 1960 ஏப்ரலில் தமிழகத்தோடு இணையும்வரை திருத்தணி மக்களுக்கும் மாவட்டத் தலைநகர் அதுவே. சித்தூரின் மேல்முறையீடுகள் 1954 வரை சென்னைக்குச் சென்றன. பிறகு குண்டூருக்கும், 1956 முதல் ஐதராபாத்துக்கும், 2019 முதல் அமராவதிக்கும் செல்லலாயின. மேல்மன்றம் இத்தனை முறை இடம் மாறியும், கீழே அமரும் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படை மட்டும் 1950 முதல் ஒன்றாகவே இருந்து வருகிறது.

அமெரிக்காவில் இது வேறு விதம். கலிபோர்னியாவில் மாவட்ட அளவிலான நீதிபதி ஆறாண்டுக்கு ஒருமுறை வாக்காளர் முன் நிற்க வேண்டும். டெக்சாசிலோ கட்சிப் பெயரோடே போட்டியிடுகிறார். தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்தவரின் வழக்கே நாளை அவர்முன் வந்தால் என்னாகும் என்ற ஐயம் நமக்கு எழுவது இயல்பே!

நம் அரசியலமைப்பின் 233-ஆம் பிரிவு, ஆளுநர் உயர் நீதிமன்றத்தைக் கலந்து மாவட்ட நீதிபதியை அமர்த்துவார் என்கிறது. திருப்பதியில் அமரும் கூடுதல் மாவட்ட நீதிபதியும் இச்சொல்லில் அடங்குவார். ‘கலந்து’ என்ற அச்சிறு சொல்லில்தான் உயிர்நாடி இருக்கிறது. உத்தரப் பிரதேச அரசு என்ன செய்தது? இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகளோடு அரசின் செயலாளர் ஒருவரையும் சேர்த்துத் தேர்வுக் குழு அமைத்தது; நிர்வாகத் துறை அதிகாரிகளும் நீதிபதியாக வழி திறந்தது. 1966 ஆகஸ்டில் சந்திர மோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை வீழ்த்திற்று. கலக்க வேண்டியது உயர் நீதிமன்றத்தையே, இடையில் வேறொரு குழுவையன்று என்பது தீர்ப்பு. வரி தண்டும் அதிகாரியே நீதிபதியானால், அரசின்மேல் வழக்கிடும் குடியானவன் எங்கே போவான்? அத்தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ். 1954-இல் குண்டூரில் தொடங்கிய ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியும் அவரே.

இடமாற்றமும் ஒழுங்கு நடவடிக்கையும் 235-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் உள்ளன. இல்லாவிடில் அமைச்சருக்குப் பிடிக்காத தீர்ப்புக்கு மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வருகின்ற வழிகள் மூன்று. 2002-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, நூற்றில் 50 இடம் சீனியர் சிவில் நீதிபதிகளுக்குத் தகுதியும் பணி மூப்பும் பார்த்துப் பதவி உயர்வு. 25 இடம் அவர்களுக்குள்ளேயே நடக்கும் போட்டித் தேர்வு. 25 இடம் வழக்கறிஞர்களிலிருந்து நேர் நியமனம். நடுவிலுள்ள 25-ஐ 2010-இல் பத்தாகக் குறைத்து, 2025 மே மாதம் மீண்டும் 25 ஆக்கினார்கள்.

நேர் நியமனத்துக்கு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். அப்படியானால் முன்சீப்பாகி விட்டவர் அவ்வழியில் வரலாகாதா? 2020-இல் கூடாதென்றார்கள். 2025 அக்டோபரில் ஐவர் அமர்வு அதை மாற்றி, வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் கழித்த ஆண்டுகள் சேர்ந்து ஏழானால் போதும் என்றது. வயது 35 நிரம்பியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. கி.பி. 921-இல் உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுத விதித்த குறைந்த வயதும் 35தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

சட்டம் பயிலும் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. பட்டம் பெற்ற கையோடு முன்சீப் தேர்வு எழுதலாம் என்றிருந்த வழியை 2025 மே மாதத் தீர்ப்பு அடைத்தது. முதலில் மூன்றாண்டு வழக்கறிஞராக உழைத்துவிட்டு வர வேண்டும் என்று அது விதித்தது.