இதழ்ப் பட்டியல் பேசட்டும்



நூலகத்தின் ஆய்விதழ்ப் பட்டியலை இணையத்தில் திறந்தால் நாம் காண்பது என்ன? இதழின் பெயர், ஓர் எண், அவ்வளவே. அண்மையில் என்ன கட்டுரை வந்தது, அதை விலையின்றிப் படிக்கலாமா என்பதை அது சொல்வதில்லை. கட்டுரைக்குப் பணம் கட்ட இயலாத மாணவனுக்கு இது சிறு குறையன்று.

நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டையின்மேல் சரக்கின் பெயரை எழுதலாம்; அன்றைய விலையை எழுதி வைக்க முடியுமா? சந்தையைக் கேட்டே அறியவேண்டும். பட்டியலும் அத்தகையதே. நாள்தோறும் மாறுவதை அது வெளியே கேட்டுப் பெறவேண்டும்.

கேட்பதற்குத் திறவுகோல், ஐ.எஸ்.எஸ்.என். என்னும் எட்டிலக்க எண். கடலியல் மாணவனாகிய நான் நன்கறிந்த ஓர் இதழைக் காட்டுகிறேன். மண்டபத்திலிருந்து 1971-இல் கொச்சிக்கு இடம் பெயர்ந்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வெளிவரும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்' 1954-இல் தோன்றியது. அதன் எண் 0970-6011. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 131. கடைசி இலக்கமாகிய 1-ஐச் சேர்த்தால் 132. இது 11-ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் கணக்கு உதைக்கும்.

பட்டியல் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு சிறு நிரலைச் சேர்க்கிறோம். அது இவ்வெண்ணைச் சரிபார்த்து, 2000-இல் தொடங்கிய கிராஸ்ரெஃப் என்னும் தரவுச் சேவைக்கு அனுப்பும். புதிய கட்டுரைகளின் தலைப்புகள் விடையாக வரும். நிரல் அவற்றை இதழின் பெயருக்குக் கீழே அடுக்கும். சுவீடனின் லுண்ட் பல்கலைக் கழகத்தில் 2003-இல் பிறந்த டி.ஓ.ஏ.ஜே. என்னும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவையும் அவ்வாறே கேட்கலாம். இரண்டிற்கும் கட்டணமில்லை.

மூன்று செய்திகளை மறவாதீர். அச்சிதழுக்கும் மின்னிதழுக்கும் எண் வேறுபடும். இரண்டையும் குறித்து வைக்கவேண்டும். அடைவில் இல்லாத இதழெல்லாம் விலைக்குரியது என்று முடிவு கட்டலாகாது. சேவை விடை தராவிடினும் பழைய பட்டியல் அப்படியே தெரியவேண்டும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூலகத்திற்கு ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வகுத்தளித்தார். வாசகரின் நேரத்தைக் காக்கவேண்டும் என்பது நான்காவது விதி. அவர் நாட்டில் பிறந்த நாம் அதை ஏட்டளவில் விடலாமா? நூலகரை அணுகுவோம், ஒரு துறையின் இதழ்களை மட்டுமேனும் எடுத்துக்கொண்டு இப்பணியைத் தொடங்குவோம்.